தட்டிப் பார்த்த ஞாயிறுகள்

மும்பையில், மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடத்தில் நடந்த முதல் மாதிரித் தேர்வில் நான் இருபதுக்கு இரண்டு வாங்கினேன். கை கழுவியதற்கு ஒன்று, நோயாளியிடம் அனுமதி கேட்டதற்கு ஒன்று.

அதை நாங்கள் ‘மாக்’ என்போம். உண்மையான பரீட்சைக்கு முன்னால், அதே வார்டில், உண்மையான நோயாளிகளை வைத்து நடத்தும் ஒத்திகை அது. மணி அடித்ததும் நோயாளியின் மார்பையோ வயிற்றையோ முறைப்படி பரிசோதிக்க வேண்டும். கண்டதைப் பக்கத்தில் நிற்கும் பேராசிரியரிடம் ஆங்கிலத்தில் வரிசையாகச் சொல்ல வேண்டும். ஏழு நிமிடத்தில் மறுபடி மணி அடிக்கும். அப்போது எதைச் செய்துகொண்டிருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும்.

எனக்குக் கிடைத்தது குர்லாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள். மூச்சிரைப்பு. அவருடைய முதுகில் கையை வைத்தேன். அடுத்து என்ன செய்வது என்பது மறந்துபோயிற்று. புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, பக்கத்தின் எந்த மூலையில் படம் போட்டிருக்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. கை மட்டும் அசையவில்லை. அந்த அம்மாள் தலையைத் திருப்பி இந்தியில், “பயப்படாதே மகளே” என்றார். சுற்றி நின்ற மாணவர்கள் எட்டுப் பேர் சிரித்தார்கள்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “புத்தகம் முழுவதையும் நீ படித்திருக்கிறாய். உன் கை இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார்.

மாடிப்படியின் திருப்பத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது என் தோழி வந்தாள். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம் அவளுடையது. அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் வருடத்தில் எலும்புகளைப் பங்கு போட்டுப் படித்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகவே இருந்தோம்.

“அழுது முடிச்சாச்சா, இன்னும் பாக்கி இருக்கா?” என்றாள்.

“ஒனக்கென்ன, பதினொண்ணு.”

“பதினொண்ணுன்னா தட்டுத் தடுமாறி பாஸ், அவ்ளோதான். எனக்கும் கை நடுங்கித்து. இது படிப்பு இல்லடி, டான்ஸ் மாதிரி. தினம் ஆடினாத்தான் கால் போகும். வாராவாரம் ஞாயித்துக்கிழமை நாமளே மாக் வெச்சுப்போம். ஒருத்தி டாக்டர், ஒருத்தி எக்ஸாமினர்.”

“பேஷண்ட்?”

“எங்கப்பா இருக்காரே.”

அவளுடைய அப்பா ஒரே ஒரு ஞாயிறு சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு நான் போவதற்குள் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். அதற்கடுத்த ஞாயிறும் கோயில்தான். “அப்பாக்கு பக்தி முத்திடுத்து” என்றாள் தோழி. அப்படித்தான் ஒத்திகை தாராவியில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீடு மாடியில் ஒரே அறை. இரும்பு ஏணி போல் செங்குத்தாக இருக்கும் படியில் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். அப்பா நான்கு தெரு தள்ளி, பழைய பிளாஸ்டிக் டப்பாக்களை அரைத்துத் துகளாக்கும் பட்டறையில் மிஷின் ஓட்டினார். பதினாறு வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பட்டறை கிடையாது. நான் கேட்டதும் அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“எம்பொண்ணு டாக்டரு, நான் பேஷண்டு. இதுக்கு நான் குடுத்து வச்சிருக்கணும்லா” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஸ்டூலை வெளிச்சத்துக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நுரையீரலைப் பரிசோதிப்பதில் எனக்கு மிகவும் தகராறு செய்தது தட்டிப் பார்ப்பதுதான். இடது கையின் நடுவிரலை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி வைத்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் சுண்ட வேண்டும். உள்ளே காற்று இருந்தால் ஓசை திறந்து கேட்கும். நீர் கோத்திருந்தால் அடைத்துக்கொண்டு கேட்கும். அம்மா தினமும் செய்ததுதான் அது. தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறக்காமல் நீல டிரம்மை மேலிருந்து கீழே விரலால் தட்டிக்கொண்டே வருவாள். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் ஒரு மனிதனின் மார்பில் என் விரல் எந்தச் சத்தத்தையும் எழுப்பவில்லை.

தோழி இணையத்திலிருந்து ஒரு மதிப்பெண் தாள் எடுத்து நகல் போட்டு வந்தாள். இருபது கட்டங்கள். போனில் ஏழு நிமிடத்துக்கு அலாரம் வைப்பாள். “ஸ்டார்ட்” என்பாள். நான் அப்பாவின் மூச்சுக்குழல் நடுவில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன், இரண்டு கையையும் விரித்து விலா விரிவதைப் பார்ப்பேன், தட்டுவேன், ஸ்டெதாஸ்கோப் வைப்பேன். வாய் கூடவே சொல்லிக்கொண்டு போக வேண்டும். அப்பாவுக்கு ஒரு நோயும் இல்லை. ஆகவே சொல்ல வேண்டிய பதில் எப்போதும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் சமம். ஓசை இரண்டு பக்கமும் இயல்பு. காற்று இரண்டு பக்கமும் ஒரே அளவு. எதைக் கண்டேன் என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. வரிசை தப்பாமல், திக்காமல், ஏழு நிமிடத்துக்குள் முடிக்கிறேனா என்பதுதான் கணக்கு.

மூன்றாவது வாரத்திலேயே அப்பாவுக்கு வரிசை மனப்பாடம். நான் சொல்லுமுன்பே திரும்பி முதுகைக் காட்டுவார். நான் எதையாவது விட்டுவிட்டால் தொண்டையைச் செருமுவார். “அங்கிள், காப்பி அடிக்க விடக்கூடாது” என்று தோழி அதட்டுவாள். அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவாள். அந்த ஞாயிறுகளில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் இதில் உள்ள மற்றதும் பொய்யாகிவிடும்.

மழைக்காலம் முடியும்போது இரண்டாவது மாக் வந்தது. இருபதுக்குப் பதினாறு. எனக்கு இரண்டு போட்ட அதே பேராசிரியர், “கை படிக்க ஆரம்பித்துவிட்டது” என்றார். மூன்றாவதில் பதினெட்டு. வகுப்பிலேயே அதுதான் அதிகம். மாதிரித் தேர்வுகளில் யார் மேலே வருகிறார்களோ அவர்கள் கடைசித் தேர்விலும் மேலே வருகிறார்கள் என்று அவர் எங்களுக்குச் சொன்னார். மற்றவர்கள் என்னிடம் வந்து, எப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். அப்பா பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

தீபாவளிக்குப் பிறகு அவருக்கு இருமல் தொடங்கியது. பிளாஸ்டிக் தூசியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இருமுவார்கள். தீபாவளிப் புகை வேறு. நான் மருந்துக்கடையில் ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தேன், முகத்தில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னேன். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது. வயதாகிறது என்று அம்மா சொன்னாள். அவருக்கு ஐம்பத்திரண்டு.

கடைசித் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது வந்த ஒரு ஞாயிறு. தோழி அலாரம் வைத்துவிட்டு “ஸ்டார்ட்” என்றாள். நான் அப்பாவின் மூச்சுக்குழலில் விரல் வைத்தேன்.

“ஏட்டி, ஒரு விசயம். ரெண்டு மூணு நாளா இடப் பக்கம் ஒருச்சாச்சிப் படுத்தா மூச்சு முட்டுது. வலப் பக்கம் படுத்தா ஒண்ணும்…”

“எப்பா, பேசாதீய. டைம் ஓடுது.”

அவர் வாயை மூடிக்கொண்டார். தப்புச் செய்த பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் தொடர்ந்தேன். முதுகில் தட்டிக்கொண்டு கீழே வந்தேன். இடது, வலது, இடது, வலது. வலது பக்கம் அடியில் விரலுக்குக் கீழே ஓசை எழும்பவில்லை. வாய் அதற்குள், ஓசை இரண்டு பக்கமும் இயல்பு என்று சொல்லி முடித்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிவிட்டேன்.

ஆறு நிமிடம் நாற்பது நொடி. தோழி தாளைப் பார்த்தாள். “எல்லாம் நன்னா இருக்கு. ரைட் சைடுல கீழ தட்றச்சே மட்டும் டெக்னிக் சரியில்ல. சத்தமே வரல. விரலை நன்னா அழுத்தி வைக்கலைன்னு நினைக்கறேன். அரை மார்க் கட்.”

“இரு, திரும்பப் பண்றேன்” என்று அந்த இடத்திலேயே மறுபடி தட்டினேன். விரலை இன்னும் அழுத்தி, இன்னும் பலமாக. நாலைந்து தடவை. அப்பா தோளைக் குறுக்கினார்.

“வலிக்கா?”

“இல்ல, நீ தட்டு.”

அடுத்த ஞாயிறும் அந்த இடத்தில் அரை மதிப்பெண் போயிற்று. அதற்கடுத்த வாரத்திலிருந்து படிப்பதற்காக நாங்கள் கல்லூரியிலேயே தங்கிவிட்டோம். கையைப் பழக்க வார்டு நோயாளிகள் போதும் என்று முடிவு செய்தோம்.

கடைசித் தேர்வில் வேறு ஊரிலிருந்து இரண்டு பரிசோதகர்கள் வந்திருந்தார்கள். எனக்குக் கொடுத்த நோயாளி, என் அப்பா வயதுள்ள ஒரு மராட்டிக்காரர். டெம்போ ஓட்டுகிறவர். பரீட்சைக்கு அழைத்து வரப்படும் நோயாளிகள் பலருக்குத் தங்களுக்கு என்ன நோய் என்று தெரியும். எங்கள்மேல் இரக்கப்பட்டுச் சொல்லியும் விடுவார்கள். அவரும் பரிசோதகர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் குனிந்து, “வலது பக்கம் தண்ணீர்” என்றார்.

நான் அவரிடம் என்ன கஷ்டம் என்று கேட்டேன். இடது பக்கம் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார்.

அதைக் குறித்துக்கொண்டேன். முதுகுப் பக்கம் போய்த் தட்டத் தொடங்கினேன். இடது, வலது. வலது அடியில் விரல் வந்து நின்றது. அந்த ஓசையில்லாமை எனக்குப் புதிதாக இல்லை. வார்டில் இப்படிப்பட்ட நோயாளிகள் இருவரைப் பார்த்திருந்தேன், ஆனால் கூட்டத்தில் பின்னால் நின்று பார்த்தது அது. என் விரலுக்கு இது தெரிந்திருந்தது வேறு ஒரு முதுகிலிருந்து. விரலை எந்த விலா எலும்புக்கு நடுவில் வைக்க வேண்டும், எங்கிருந்து அடைக்கத் தொடங்கும், சுண்டும்போது கணுவில் எப்படி ஒரு கனம் ஏறும் என்பதெல்லாம் தெரிந்திருந்தது.

அந்த இடத்தில் நான் கையை எடுத்துவிட்டு வெளியே ஓடியிருக்க வேண்டும் என்று இத்தனை நாளும் நினைத்துப் பார்க்கிறேன். ஓடவில்லை. கை நடுங்கக்கூட இல்லை. அடுத்து செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தது. குரலும் அதன் பாட்டுக்குச் சொன்னது. வலது பக்க விரிவு குறைவு, மூச்சுக்குழல் இடது பக்கம் சற்றுத் தள்ளியிருக்கிறது, வலது அடியில் ஓசை கல்போல் அடைத்திருக்கிறது, காற்று நுழைவது அங்கே கேட்கவில்லை, நுரையீரலின் உறைக்குள் நீர் கோத்திருக்கிறது. இந்த வயதில் என்னென்ன காரணங்கள் இருக்கலாம் என்று வெளியூர்ப் பரிசோதகர் கேட்டார். முதலில் காசநோய் சொன்னேன். இரண்டாவதாகப் புற்றுநோய் சொன்னேன். இவருக்கு உடல் இளைத்திருந்தால் எதை முதலில் வைப்பாய் என்றார். வரிசையை மாற்றிச் சொன்னேன்.

“இந்த மாதிரி மார்புகள் நிறையத் தட்டியிருக்கிறாய் போல” என்றார் அவர் மெச்சி.

“ஆமாம் சார்” என்றேன்.

வெளியே வந்ததும் தோழி ஓடி வந்து, “எப்படிடி போச்சு?” என்றாள். நிற்காமல் நடந்தேன். பின்னாலேயே வந்து கையைப் பிடித்தாள். “எங்கப்பாவுக்கு வலப் பக்கம் தண்ணி இருக்கு” என்றேன். அவள் கை விட்டுப்போயிற்று. அவளுக்கும் அந்த அரை மதிப்பெண் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை. நடந்தே போனேன். பட்டறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கேட்காது. உள்ளே போய் அப்பாவின் தோளைத் தொட்டேன். அவர் முகத்தில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டுச் சிரித்தார். வாசலில் துகள் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்றின்மேல் அவரை உட்கார வைத்து, வெள்ளை கோட்டோடு பின்னால் நின்று, சட்டையின் மேலாகவே தட்டினேன்.

“இன்னைக்குப் பரீட்சைல்லா? இன்னுமா ப்ராக்டீஸு?” என்றார்.

நீர் ஆறு வாரத்தில் ஏறியிருந்தது. பாதி முதுகுக்கு மேலே வந்துவிட்டது.

“நல்லாப் பண்ணுனியா?”

“நல்லாப் பண்ணுனேன்ப்பா.”

“அப்பம் ஏன் அழுத?”

அன்றே எங்கள் கல்லூரி மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது பக்கம் வெள்ளையாக இருந்தது. மறுநாள் ஊசி போட்டு எடுத்த நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படியிருந்தால் காசநோயாக இருக்கலாம், மாத்திரை உண்டு, குணமாகும். ரத்தம் கலந்து வந்தது. பத்து நாளில் பெயர் தெரிந்தது. நுரையீரலில் தொடங்கிப் பல இடங்களுக்குப் போய்விட்டது. மூத்த மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, ஆறு வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார். அவர் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு நான் படித்த எல்லாமும் அதையே சொல்கிறது. அந்த உண்மையால் எனக்கு ஒரு பயனும் ஏற்படவில்லை. நான் தவற விட்டது அவர் உயிரையா இல்லையா என்பது வேறு. அவர் எனக்கு நேராக உட்கார்ந்து மூச்சு முட்டுகிறது என்றபோது பேசாதீய என்றேனே, அது எந்தக் கணக்கில் சரியாகும்?

தேர்வு முடிவு அப்பா வார்டில் இருக்கும்போதுதான் வந்தது. பொது மருத்துவத்தில் கல்லூரியிலேயே நான்தான் முதல். அப்பா பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரிடமும் இந்தியில் சொன்னார். அம்மா எல்லாருக்கும் பேடா கொடுத்தாள்.

அதற்குள் அடுத்த வகுப்புக்கு மாதிரித் தேர்வு தொடங்கியிருந்தது. விரிவுரையாளர் ஒருவர் என்னிடம் வந்து, அதற்கு அப்பாவை நோயாளியாக வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். என் அப்பாவிடம் அறிகுறிகள் மிகத் தெளிவாக இருக்கின்றன, அதிக நேரம் ஆகாது, நான் இந்தக் கல்லூரிப் பெண் என்பதால் என்னிடம் கேட்காமல் செய்ய மனமில்லை என்றார். நான் முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து அப்பா இந்தியில் முந்திக்கொண்டார். “வரச் சொல்லுங்க சார். எனக்கு எல்லாம் தெரியும்.”

என்னிடம் திரும்பி, “பிள்ளைய படிக்கட்டும்ட்டி. ஒனக்கும் யாராவது ஒக்காந்திருப்பாவல்லா?” என்றார்.

எட்டுப் பேர் வந்தார்கள். மணி அடித்தது. நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒவ்வொருவரும் முடித்ததும் அவருக்கு மூச்சிரைத்தது. அடுத்தவர் வருவதற்குள் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வது கட்டிலின் கிறீச்சிலிருந்து தெரிந்தது. ஐந்தாவதாக வந்த பெண் தட்டியது சரியாகவே கேட்கவில்லை. அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. அப்பா அவளிடம் மெதுவாக இந்தியில், “இன்னும் கீழே, அங்கேதான் இருக்கு” என்றார். பரிசோதகர், “நோயாளி பேசக்கூடாது” என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டி இருந்த மாடிக்குப் போய் மதில் ஓரமாக உட்கார்ந்தேன். திரும்பி வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். முதுகில் வலது பக்கம் அடியில் சின்னதாகச் சிவந்திருந்தது.

எங்கள் வீட்டுப் படியில் அவரால் ஏற முடியாது என்பதால் செம்பூரில் என் சித்தி வீட்டுக்குக் கொண்டுபோனோம். தரைத்தளத்தில் ஒரு அறை. ஆக்ஸிஜன் சிலிண்டர் வைக்க இடம் இருந்தது. நான் பயிற்சி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வேலை முடிந்து செம்பூர் வந்து சேர்ந்ததும் அவர் பக்கத்தில் உட்காருவேன். ஸ்டெதாஸ்கோப்பை வாசலிலேயே பையில் வைத்துவிடுவேன். அவர் அதைக் கவனித்தார்.

“இப்பம் பாக்க மாட்டேங்கியே?”

“வேற டாக்டர் பாக்காங்கல்லாப்பா.”

“நீ பாத்தா ஒரு இது.”

பார்த்தேன். நேரம் வைத்துக்கொள்ளாமல், வாயால் ஒன்றும் சொல்லாமல் பார்த்தேன். நான் முடிக்கும்வரை அவர் மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தார். “எப்பிடி இருக்கு?” என்றார். “போன வாரத்துக்கு இப்பம் பரவால்ல” என்றேன். அன்றைக்கு நீர் காறை எலும்பு வரைக்கும் இருந்தது. ஜூன் மாதத்தில், முதல் மழை பெய்த வாரத்தில், ஒரு பிற்பகல் அவர் போனார். நான் அப்போது வார்டில் இன்னொருவருக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குத் தோழி வந்தாள். சாப்பிடவில்லை. கிளம்பும்போது என்னை வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

“நான் ஒண்ணு சொல்லணும்டி. அன்னிக்கு எனக்குக் கேட்டுது. அந்தச் சத்தம் வேற மாதிரி இருந்துது. ஒரு செகண்ட், அங்கிளுக்கு ஏதோ இருக்குன்னு தோணித்து. அப்புறம், சே, அங்கிள் நார்மல் தானேன்னு நினைச்சேன். ஷீட்ல அப்படி ஒரு கட்டமே இல்ல. அதான் உன் மார்க்கைக் குறைச்சேன்.”

“எனக்கும் கேட்டுச்சு” என்றேன்.

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. தெரியாது என்று நான் சொல்லியிருந்தால் அவள் கொஞ்ச நேரம் அழுதிருப்பாள், நானும் அழுதிருப்பேன், இருவரும் ஒருவரை ஒருவர் மன்னித்திருப்போம். சாலையில் ஆட்டோக்கள் போய்க்கொண்டிருந்தன. “சரி, நான் வரேன்” என்று கிளம்பினாள். பிறகு அவள் எக்ஸ்ரே, ஸ்கேன் படிக்கும் துறையை எடுத்துக்கொண்டாள். இருட்டறையில் திரையைப் பார்க்கும் வேலை. பிறந்த நாளைக்குச் செய்தி அனுப்புகிறாள். நானும் அனுப்புகிறேன்.

நான் இப்போது இதே நகரத்தில் வேறொரு கல்லூரியில் விரிவுரையாளர். மாதிரித் தேர்வுகளை நடத்துவது என் பொறுப்பு. முதலில் மறுத்தேன். துறைத் தலைவர் என் பழைய மதிப்பெண்களை எடுத்து வைத்துக்கொண்டு, “உங்களைவிட யாருக்கு இதன் அருமை தெரியும்?” என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. ஒத்திகை பார்த்தவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். நானே அதற்குச் சாட்சி.

போன வருடம் ஒரு மாணவன். இதய நோயாளி ஒருவரை அவனுக்குக் கொடுத்திருந்தோம். நான்காவது நிமிடத்தில் அந்த நோயாளி, காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, அடிவயிறு வலிக்கிறது என்றார். மாணவன் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். நர்ஸைக் கூப்பிட்டான். அவருக்குப் போட்டிருந்த சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. இதயத்தை அவன் பாதிதான் பரிசோதித்திருந்தான்.

தாளில் அவன் செய்ததற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் நான் கையால் எழுதி ஐந்து மதிப்பெண் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு போட்டேன். துறைத் தலைவர் அதை அடித்துவிட்டு ஏழு என்று போட்டார். “கடைசித் தேர்வில் வெளியூர்க்காரர் இப்படி ஓரத்தில் எழுத மாட்டார். இவன் அங்கே தோற்றால் பரவாயில்லையா உங்களுக்கு?” என்று கேட்டார். ஏழு என்ற எண்ணுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து அதே மாணவன் மறுபடி வந்தான். இந்த முறை சுனாபட்டியிலிருந்து வந்த ஒரு பெண் நோயாளி. அவன் கையை வைத்ததும் அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவன் அவருடைய தோளை மெல்லத் தட்டி, “அப்புறம் மௌசி” என்றான். சொந்தச் சித்தியிடம் பேசுவதுபோல் அன்பாகத்தான் சொன்னான். ஆறரை நிமிடத்தில் முடித்தான். ஒரு கட்டம்கூட விட்டுப்போகவில்லை. பதினெட்டு. ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்வு கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் போய், என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஞாபகம் இல்லை டாக்டர் என்றார். அவரை உட்கார வைத்துத் தலையிலிருந்து கால்வரை பொறுமையாகப் பரிசோதித்தேன். புதிதாக எதுவும் அகப்படவில்லை. ஒன்றும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை முதலிலிருந்து தொடங்கினேன்.